ஆற்றுக்குத் திருவிழா எடுத்த ரகுமத்தக்கா

செவ்வாய்க்கிழமை காலை என் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் புரூஃபைப் பெண் வீட்டாரோடு சேர்ந்து சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து ரகுமத்தக்காவின் மகள் ஷகிலா போன் செய்தாள். "அண்ணே, அம்மா மவுத்தாயிட்டாக. தொழுகைக்கு எந்திரிச்சு உக்காந்தவுக அப்படியே சாஞ்சுட்டாக. ஊருக்குத்தான் கொண்டாறோம். எல்லாருக்கும் சொல்லிருங்க" என்றாள். போனை வைத்ததும் பெண்ணின் தகப்பனார் என்னவென்று கேட்டார். சொன்னேன். "யாரு, பாத்திரக் கடை அக்காவா?" என்றவர், மடித்து வைத்திருந்த கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். "பத்திரிகைய நாளைக்குப் பாத்துக்கிடலாம். மொதல்ல கடையச் சாத்துங்க."

அன்று மாலை அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு அக்காவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தாயில்பட்டியிலிருந்தும் ஏழாயிரம்பண்ணையிலிருந்தும் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வேனில் வந்து இறங்கினார்கள். கையில் ஒட்டிய மருந்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்திருந்தார்கள். பள்ளிவாசல் தெருவில் அவர்களுக்கு வழி விடுவதற்காக ஆண்கள் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள். அப்படி ஒரு கூட்டத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. வர முடியாமல் போனவர்களுக்காகவும், அக்காவை இனிப் பார்க்கப்போகாத பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ரகுமத் நிஷா என்பது அவருடைய முழுப்பெயர். கணவர் இறந்தபின் அவர் வைத்திருந்த வாடகைப் பாத்திரக் கடையை அக்காவே நடத்தினார். அண்டா, தேக்சா, கரண்டி, சாமியானா, நாற்காலி எல்லாம் அங்கே கிடைக்கும். அம்மன் கோயில் பொங்கலுக்கும் சர்ச் அசன விருந்துக்கும் பள்ளிவாசல் கந்தூரிக்கும் போவது அதே அண்டாக்கள்தான். கொண்டுபோகிறவர்கள் கழுவித் திருப்பித் தரவேண்டும் என்பது கடையின் ஒரே கண்டிப்பு. ஒரு பங்குனியில் கோயில் பொங்கலுக்குப் போன அண்டாக்கள் அடிப்பிடித்த சோற்றோடு திரும்பி வந்தன. கொண்டுவந்தவர்கள் கூச்சத்தோடு நின்றார்கள். "கழுவத் தண்ணி இல்லக்கா. குடிக்கவே லாரித் தண்ணி வாங்குறோம்."

அக்கா அவர்களைத் திட்டவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வைப்பாற்றுப் பாலத்துக்கு நடந்தார். போகும் வழியில் இருந்த என் அச்சகத்துக்குள் நுழைந்து, "தம்பி, செத்த வாங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த அண்டாக்களை எல்லாம் ஒரு காலத்தில் ஆற்று மணல் போட்டுத் தேய்த்து ஆற்றிலேயே அலசியவர் அவர். இப்போது பாலத்துக்குக் கீழே கரைக்குக் கரை சீமைக்கருவேலம் அடைத்து நின்றது. கோழிக்கடைக் கழிவும் பிளாஸ்டிக்கும் முள்ளில் தொங்கின. அக்கா மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஊருல இருக்குற எல்லாத்துக்கும் திருவிழா எடுக்கோம். இந்த ஆத்துக்கு ஒண்ணு எடுத்தா என்ன தம்பி?" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் நோட்டீஸ் அடிக்க வந்துவிட்டார்.

நம் ஊரில் நோட்டீஸ் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். விஷயம் நாலு வரி, பெயர்கள் நாற்பது வரி. திருவிழா எடுக்கப்போகிற செய்தி பரவியதும் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஆள் வந்து, தங்கள் பெயர் யாருக்கு மேலே வரவேண்டும், யாருக்குக் கீழே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "பேரே வேண்டாம் தம்பி. அடியில 'இவண்'னு போடுவீகள்ல, அதுக்குக் கீழ வைப்பாறுன்னு போடுங்க. ஆறுதான கூப்பிடுது" என்றார்.

அப்படியே அடித்தேன். மறுநாள் ஊர்ப்பெரியவர் ஒருவர் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். அக்காவும் அங்கேதான் இருந்தார்.

"இதென்ன கூத்து? ஆத்துக்குக் கை இருக்கா நோட்டீஸ் அடிக்க?"

"இல்லாததுனாலதான் அதுக்காக நாம அடிக்கோம், அண்ணாச்சி."

"அப்ப எனக்கு என்ன மரியாத?"

"நீங்க வந்து உக்காந்தா அதுதான் எங்களுக்கு மரியாத. மேட கெடையாது, நாற்காலியும் போடல. எல்லாரும் மணல்லதான். உங்களுக்கு முட்டிவலி இருந்தாச் சொல்லுங்க, ஒரு நாற்காலி கொண்டாறேன்."

தனக்கு முட்டிவலி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவர், திருவிழா அன்று மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த முதல் ஆண்டு வந்த கூட்டம் பெரிதல்ல. முள் குறைவாக இருந்த ஓர் இடத்தை நாங்களே வெட்டிச் சுத்தம் செய்து, தெருத்தெருவாகக் கேட்டு வாங்கிய அரிசியிலும் காய்கறியிலும் கூட்டாஞ்சோறு ஆக்கினோம். நடுவில் பெரிய அண்டா ஒன்றின் வாயைத் துணியால் கட்டி உண்டியலாக வைத்தார் அக்கா. சாப்பிட்டவர்கள் முடிந்ததைப் போடலாம், யார் எவ்வளவு என்று எவரும் பார்க்கக்கூடாது என்பது ஏற்பாடு. முறையாக அனுமதி வாங்கி, அந்தப் பணத்தில் ஜேசிபி வைத்துப் பாலத்துக்கு மேற்கே ஒரு துண்டு கருவேலத்தை வேரோடு எடுத்தோம். வேலை நடந்தவரை அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு ஜேசிபிக்குப் பக்கத்திலேயே நின்றார். "பாத்துப்பா, அங்கன ஒரு நாட்டு வேம்பு நிக்கிது" என்று ஓட்டுநரிடம் அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

இரண்டாவது திருவிழாவுக்கு முன்தான் அந்தச் சண்டை வந்தது. ஆற்றுக்குள் வெடி வெடிக்கக்கூடாது என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். காய்ந்த முள்ளில் பொறி விழுந்தால் கரையே எரிந்துபோகும். குப்பை பொறுக்கத்தானே திருவிழா எடுக்கிறோம், நாமே குப்பை போடுவதா என்றும் தோன்றியது. நோட்டீஸில் ஒரு வரியாக அதைப் போட்டோம். தாயில்பட்டியில் வானத்தில் போய் வெடித்து விரியும் பேன்சி ரகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மாரியம்மா, நோட்டீஸைப் படித்துவிட்டு ஏழெட்டுப் பெண்களோடு கடைக்கு வந்துவிட்டார்.

"நாங்க செய்யுற சாமான் குப்பைன்னு நீங்களும் சொல்லுறீகளாக்கா?"

"அப்படிச் சொல்லல, தாயி. முள்ளு பத்திக்கிடும்னுதான்."

"வெளியூருக்காரன் சொன்னாப் பரவால்ல. நம்ம ஊரு நோட்டீஸ்லயே போட்டா எம்புட்டுச் சங்கடமா இருக்கு தெரியுமா? நான் குழல்ல மருந்து அடைக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து பாக்குறேன். லோடு ஏறிப் போகும். அது மேல போயி எப்படிப் பூக்கும்னு ஒரு நாளு நாங்க பாத்ததில்ல. எல்லாம் வடக்க போயிருது."

தன் முடிவைக் காப்பாற்றிக்கொள்ள அக்காவிடம் நல்ல காரணங்கள் இருந்தன. நானும் அவற்றை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா கையால் என்னை அமர்த்திவிட்டு, "உங்கள ஒரு வார்த்த கேக்காம போட்டது தப்புத்தான். இப்பக் கேக்குறேன். எங்கன வச்சு விட்டா முள்ளுல விழாது, சொல்லுங்க" என்றார்.

முள்ளை எடுத்த வெட்ட மணலில், சுற்றிலும் தண்ணீர் தெளித்து, லைசென்ஸ் உள்ள ஓர் ஆள் நின்று வெடி விடுவது என்று முடிவானது. திருவிழா அன்று ஆற்றில் இருட்டத் தொடங்கிய நேரம். பெண்கள் எல்லாம் மணலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் குண்டு மேலே போய் விரிந்தது. "இது எங்க ரூம் சரக்கு" என்றார் மாரியம்மா. அடுத்து ஒன்று சிவப்பும் பச்சையுமாக உதிர்ந்தது. அது யார் செய்தது என்று அவர்களுக்குள் ஒரு வழக்கு நடந்தது. அக்கா வானத்தைப் பார்க்கவே இல்லை, அந்தப் பெண்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மாரியம்மாதான் முதலில் எழுந்து சாக்கை எடுத்தார். ஒரு காகிதத் துண்டு மிச்சமில்லாமல் அவர்களே பொறுக்கினார்கள். அந்த ஆண்டு அண்டாவின் வாயில் கட்டிய துணி பணத்தின் கனத்தில் தாழ்ந்து தொங்கியது.

மூன்றாவது திருவிழா நடக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் ஒரு கம்பெனியில் விபத்து. பகலில் புகை எழுந்த திசையைப் பார்த்தே எங்கள் ஊரில் எல்லோரும் போனை எடுப்பார்கள். இறந்தவர்களில் மாரியம்மாவின் தங்கை செல்வியும் ஒருத்தி. முந்தைய ஆண்டு மணலில் உட்கார்ந்து வானம் பார்த்தவர்களில் அவளும் இருந்தாள். அக்கா அன்றே அண்டாக்களை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய், காத்துக்கிடந்த சனங்களுக்குக் கஞ்சி காய்ச்சினார். நாங்கள் விறகு எடுத்துக் கொடுத்தோம்.

அடுத்த சில நாட்களில் எங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. மழைக்கு முன் தூர்வார ஆற்றுக்கென்று சேர்த்த பணம் இருந்தது. அதை இறந்தவர்களின் வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள் பலர். நானும் அதைத்தான் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முன்னால் ஆற்றைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அக்கா எங்களோடு வாதாடவில்லை. "இது நம்ம காசு இல்ல. போட்டவுகள்ல பாதிப் பேரு அந்த ஊரு சனம். அவுகளக் கேப்போம்" என்று மட்டும் சொன்னார்.

தாயில்பட்டிக்கு அவரோடு போனேன். மாரியம்மா வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அக்கா தரையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு அக்கா விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். மாரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"செல்வி போட்டது ஆத்துக்குக்கா. தண்ணி வந்தா மொத ஆளா எறங்கணும்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தா. அது ஆத்துக்கே கெடக்கட்டும். பிள்ளைகளுக்குச் செய்யணும்னு நெனச்சா, அதுக்குன்னு தனியாச் செய்யுங்க."

அக்கா அப்படியே செய்தார். பாத்திரக் கடையைத் திறக்காமல், எங்களைக் கூட்டிக்கொண்டு கடைவீதி முழுக்க ஏறி இறங்கினார். ஜவுளிக்கடை, பருப்பு மண்டி, லாரி ஆபீஸ் எதையும் விடவில்லை. தாய் இல்லாத பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொல்லித்தான் கேட்டார். இந்தச் சீசனில் யாவாரமே இல்லையே என்று ஒரு முதலாளி இழுத்தபோது, "அது தெரிஞ்சுதான் வந்திருக்கேன். யாவாரம் சும்மா இருக்கும்போது குடுத்தாத்தான மனசு நெறையும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். முதலாளி கொடுத்தார். செல்வியின் மகள் இப்போது விருதுநகரில் கல்லூரிக்குப் போகிறாள்.

ஆற்று வேலையும் நின்றுவிடவில்லை. ஐப்பசிக்கு முன் பாலத்திலிருந்து தடுப்பணை வரைக்கும் தூர்வாரி முடித்தோம். அந்த வருடம் மேற்கே நல்ல மழை. வெம்பக்கோட்டை அணையைத் திறந்தார்கள். தண்ணீர் வருகிற செய்தி கேட்டு ஊரே பாலத்தில் நின்றது. முதலில் சருகும் நுரையுமாகத்தான் வந்தது. சாயங்காலத்துக்குள் கலங்கிய செம்மண் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடியது. அக்கா மாரியம்மாவுக்காகக் காத்திருந்தார். வேன் வந்து நின்றதும் செல்வியின் மகளைக் கையைப் பிடித்து ஆற்றுப் படியில் இறக்கிவிட்டு, "போ தாயி, உங்கம்மாவுக்காக நீ மொதல்ல எறங்கு" என்றார். அதற்குப் பிறகுதான் தாமும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். மாரியம்மா கரையிலேயே நின்று அழுதார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் கரையோரக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது.

அதன்பின் ஒவ்வொரு திருவிழாவுக்கும் வெடி உண்டா இல்லையா என்பதைக் கம்பெனிப் பெண்களைக் கேட்டே முடிவு செய்தோம். விபத்துக்கு அடுத்த ஆண்டு அவர்கள் வேண்டாம் என்றார்கள். இருட்டும்வரை மணலில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுக் கலைந்தோம். தான் பார்த்த திருவிழாக்களில் அதுதான் பெரியது என்று அக்கா சொல்வார்.

கடைசி ஒன்றரை வருடம் சிறுநீரகக் கோளாறால் அவர் மதுரையில் மகள் வீட்டில் இருக்கவேண்டியதாயிற்று. ஆனால் காலையில் தவறாமல் எனக்குப் போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "ஆத்துக்குப் போனீகளா? தண்ணி எம்புட்டுக் கெடக்கு?" போகாமல் பொய் சொல்ல முடியாது. கொக்கு நிற்கிறதா, யாராவது குப்பை கொட்டியிருக்கிறார்களா, தடுப்பணைப் படிக்கட்டில் எத்தனையாவது படி தெரிகிறது என்று அடுத்தடுத்துக் கேட்பார். ஆகவே அச்சகத்தைத் திறப்பதற்கு முன் ஆற்றுக்குப் போய் வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையிலும் கால் தானாக அங்கே போய் நின்றது. தண்ணீர் குறைந்திருந்தது. அக்கரை ஓரத்தில் புதிதாக யாரோ கட்டடக் கழிவைத் தட்டியிருந்தார்கள். சொல்வதற்கு ஆள் இல்லை. மாரியம்மாவுக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கெழம பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வாறோம், அள்ளிருவோம்" என்றார். ரகுமத்தக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்: தினமும் காலையில் ஆற்றைப் போய்ப் பார்ப்பது, பார்த்ததை யாரிடமாவது சொல்லாமல் அந்த நாளைத் தொடங்காமல் இருப்பது.