பாப்பாவுக்காக ஆர்னோ காய்ச்சின பீர்

இல்லப்பா, பசிக்கு அழல. கொட்டாவி விடறதுக்கு முன்னாடியும் என் பேத்தி யாரா இப்படித்தான் ஒரு சத்தம் குடுப்பா. பொறந்து பத்து நாள்கூட ஆகல, குரலப் பாரு. சரி, ஆர்னோவப் பத்தி சொல்ல வந்தேன்.

ஆர்னோ எங்க பக்கத்து வீடு. நம்ம ப்ளூமெனாவ் ஊரு நெசவு மில்லுல சாயம் போட்டு ஓய்வு வாங்கினவன். அவன் கார் ஷெட்டுல கார் கிடையாது. பீர் புளிக்கிற டிரம்மு, எவர்சில்வர் பீப்பா, கேஸ் சிலிண்டர், ரப்பர் குழாய், அவ்வளவுதான். அவன் பீர்ல காத்து படக்கூடாது, பட்டா நெறமும் ருசியும் கெட்டுடும். பீப்பாவுல தண்ணிய ரொப்பி, சோடாவுல ஏத்தற கேஸால அத்தனையும் வெளிய தள்ளுவான். உள்ள கேஸ் மட்டும் நிக்கும். அப்புறம் மூடியே தொறக்காம, டிரம்முல இருந்து பீப்பாவுக்கு அதே கேஸ வச்சு பீரத் தள்ளுவான். நாம மூடிமேல கைய வச்சா போதும், "எடு கைய. பீன்ஸ் பானையா இது, தொறந்து தொறந்து பாக்க?"ம்பான்.

நம்ம ஊர்ல பிள்ளை பொறந்தா பாக்க வர்றவங்களுக்கு அப்பன்காரன் பீர் ஊத்தணும்ல. அதுக்குப் பேரே பாப்பா மூத்திரம். என் மருமகன் எடெல்சன் ஆர்னோகிட்டதான் காய்ச்சச் சொன்னான். "பீப்பாவ மட்டும் நான் கழுவறேன் மாமா, என் பிள்ளைக்கு நானும் ஏதாச்சும் செய்யணும்"னு கேட்டு வாங்கிக் கழுவினான்.

நேத்து ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்தாச்சு. பீரத் தொறந்தா, தங்கமா வர வேண்டியது பழுப்பா வருது. வாயில வச்சா நனைஞ்ச அட்டைப்பெட்டி.

"என்னா எடெல்சா, பாப்பாவ டாக்டர்கிட்ட காட்டுனியா? மூத்திரம் இந்த நெறத்துல இருக்கு"ன்னான் என் மச்சான்.

"பீப்பாவ இவன்ல கழுவினான். குழந்தைத் துணி அலசற மாதிரி அலசியிருப்பான்"ன்னான் இன்னொருத்தன்.

ஒரே சிரிப்பு. எடெல்சனுக்குக் காதெல்லாம் செவந்துபோச்சு. "நான்தான் சரியா கழுவல போல"ன்னான். ஆர்னோ தட்டுல இருந்த கேக்கப் பொடிப்பொடியா கிள்ளிக்கிட்டே இருந்தான். பாதியில எந்திரிச்சுப் போயிட்டான்.

இன்னிக்குக் காலைல எடெல்சன் அந்தப் பீப்பாவ முத்தத்துல போட்டு மறுபடி தேய்க்கறான். ஆர்னோ வேலியோரம் வந்து நின்னான். தூங்கின மூஞ்சியே இல்ல.

"தேய்க்காத தம்பி."

"எங்கயோ அழுக்கு இருக்கு மாமா. இல்லன்னா எப்படிக் கெட்டுப்போவும்?"

"அழுக்கு இல்ல. நான்தான் மூடியத் தொறந்து ஊத்தினேன். சிலிண்டர்ல கேஸ் இல்ல. எங்க சங்கத்துல பந்து உருட்டற போட்டியில பீர் ஊத்தறதுக்குக் குடுத்தேன், காலி பண்ணித் தந்தானுங்க. போன திங்கக்கிழமை கேஸ் கடை தொறக்கற வரைக்கும் பொறுத்திருக்கலாம். பாப்பா பொறந்துட்டான்னு கேட்டதும் கை நிக்கல."

எடெல்சன் கையில பிரஷ் அப்படியே நின்னுச்சு. "நேத்தே சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள உன்னப் பாத்து சிரிச்சாங்க. தப்பு உன்மேல விழுந்ததும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு தம்பி. பீர் போனா திரும்பக் காய்ச்சலாம், அந்த நிம்மதிய நெனச்சாத்தான் உன் மூஞ்சியப் பாக்க முடியல."