கைதட்டு வாங்கிய மூன்று வரிகள்

என் வீட்டுக்காரர் உப்பள வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது நான் அனுப்பிய செய்திக்கு, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் வந்தது. இதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

முந்தின நாள் பருவம் தப்பிய மழை. பாத்தியில் விளைந்திருந்த உப்பெல்லாம் கரைந்து, மரக்காணம் உப்பளம் முழுக்க ஏரி மாதிரி கிடந்தது. வேலைக்கு ஆள் வரவில்லை. எங்கள் குத்தகைப் பாத்தி என்ன ஆயிற்று என்று பார்க்க நாங்கள் இருவர் மட்டும் போனோம். பாதி வழியில், "ஒரு மாதிரி இருக்குது" என்றார். திரும்பிப் பார்ப்பதற்குள் கீழே கிடந்தார்.

யாருக்குப் போன் போட்டாலும் போகவில்லை. சிக்னல் ஒரு கோடு காட்டும், மறையும். வாட்ஸ்அப்பைத் திறந்தேன். மேலேயே நின்றது எங்கள் ஹைக்கூ குழு. அடித்தேன்:

உப்பளம் எங்கும் தண்ணீர்
வரப்பில் அவர்
எழுப்பினாலும் எழவில்லை

மூன்று வரியாக உடைத்தது நான் இல்லை, என் விரல். பல வருடப் பழக்கம்.

"அருமை" என்றார் ஒருவர். அடுத்தடுத்துக் கைதட்டும் பொம்மைகள். குழுவை நடத்தும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், "கடைசி வரியில் நல்ல திருப்பம். 'எழுப்பினாலும்' தேவையில்லை, எடுத்துவிடலாம்" என்று எழுதினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இங்கே ஒரு உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது, இவர் சொல் சிக்கனம் பார்க்கிறார். "நெஞ்சுவலி, நிஜம்" என்று அடித்தேன். அது போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் மரக்காணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண்ணின் மெசேஜ் வந்தது. குழுவில் ஒரு வரிகூட எழுதாதவள். "அக்கா, எந்த உப்பளம்?"

"மோட்டார் கொட்டகை பக்கம்" என்று போட்டேன். அது எப்படியோ போய்விட்டது. தன் அண்ணனின் லோடு ஆட்டோவோடு வந்து நின்றாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில், நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர்.

மறுநாள் தமிழாசிரியர் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "ஹைக்கூவுல உணர்ச்சிய சொல்லாத, கண்ணால பாத்தத மட்டும் சொல்லுன்னு நீதானம்மா எல்லாருக்கும் சொல்லுவ? அச்சா அப்படியே இருந்துச்சு" என்றார். என் பாடத்தை எனக்கே படிக்கிறாரே என்று எரிச்சல் வந்தது.

அந்தக் கோபத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஹைக்கூவின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். ஜப்பானில் அது முதலில் தனிக்கவிதையே இல்லையாம். பலர் கூடி உட்கார்ந்து கட்டும் நீண்ட தொடர்பாட்டின் ஆரம்பக் கண்ணி. பெயர் ஹொக்கு. ஒருவர் அன்றைய பருவத்தை வைத்துத் தொடங்குவார், இன்னொருவர் அதை ஏந்தி அடுத்ததைச் சொல்ல வேண்டும். பிற்பாடுதான் தலையை மட்டும் தனியாக வெட்டியெடுத்து ஹைக்கூ என்றார்கள். இத்தனை வருடம் எழுதியும் இது எனக்குத் தெரியாது. அப்படிப் பார்த்தால் என் வரிகளை ஏந்திக்கொண்டது அந்த ஜெராக்ஸ் கடைப் பெண் ஒருத்திதான். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்த பிறகு போனைக் காட்டினேன். குழுவில் இருப்பவர்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகப் படித்தார்.

"அவங்கள சொல்லி என்ன பண்றது? 'அவர்'னா யாருன்னு தெரியும்? என் பேர எழுதியிருந்தா பதறியிருப்பாங்க இல்ல?"

எனக்குச் சுரீர் என்றது. மைக் பிடித்து மேடையில் பேசுகிறவள் நான். ஆனால் கல்யாணமானதிலிருந்து அவர் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. அவர் உயிர் போய்க்கொண்டிருந்தபோதும் என் விரல் 'அவர்' என்றுதான் அடித்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, "பேஷண்ட் பேர் சொல்லுங்கம்மா, சீக்கிரம்" என்று நர்ஸ் கத்தினாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பையைத் துழாவி அவருடைய ஆதார் கார்டை எடுத்து நீட்டினேன்.