குடலுக்குத் தெரியாத சர்க்கரை

ஜ்வாலாமாலினி அக்காவின் விரலை ஏமாற்ற முடியாது. ஆரணியில் பட்டு நெய்கிற எங்களைப் போன்ற குடும்பங்களிடம் சேலை வாங்கி விற்பவர். சேலையை மடியில் போட்டுக்கொண்டு கரையின் மேல் விரலை ஓட்டுவார். ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். அப்புறம் நாம் என்ன சொன்னாலும் எடுபடாது.

அன்று இரவு எட்டரை மணிக்கு நான் கொண்டுபோன சேலையின் கரையில் ஓர் இழை விட்டுப்போயிருந்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். விரல் அந்த இடத்தைத் தாண்டிப் போனது. நிமிர்ந்து பார்த்தால் அவர் நெற்றியெல்லாம் வியர்வை, கை வெடவெடவென்று நடுங்குகிறது.

"இன்னாக்கா பண்ணுது?"

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் கணவர் பாலசந்திரன் ஓடிவந்தார்.

"சுகர் ஏறிப்போச்சு போலகீது. இப்பதான் டாக்டர் ராத்திரிக்கும் ஒரு மாத்திரை சேத்து எழுதினாரு. இன்னொண்ணு குடுத்துப் பாக்கலாமா?"

"இருங்கண்ணா."

எனக்கும் சர்க்கரை உண்டு. சோதிக்கும் மெஷின் எப்போதும் பையிலேயே கிடக்கும். அக்காவின் விரலில் குத்திப் பார்த்தேன். நாற்பத்தொன்று. என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. சர்க்கரை ஏறவில்லை, அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. அந்த இன்னொரு மாத்திரையும் உள்ளே போயிருந்தால்?

சர்க்கரைத் தண்ணீர் கலக்கி வாயருகே கொண்டுபோனேன். அரைக் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார். வெளியே இருட்டு. பல்லை இறுகக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் தண்ணீரையும் மாத்திரையையும் தவிர எதுவும் அவர் வாயில் படாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தவறாத விரதம். உயிர் போகிற நேரத்தில் என்ன விரதம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதற்குள் கண் செருகிவிட்டது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நரம்பில் குளுக்கோஸை ஏற்றிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார். "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்ட்டாங்க?"

"அஞ்சு மணிக்கே முடிச்சிட்டோங்க. மாத்திரை ராத்திரிக்குன்னு எழுதியிருந்துச்சு. அதான் ஏழு மணிக்குப் போட்டா," என்றார் பாலசந்திரன்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சாப்பாடு உள்ள போனா குடல்லேர்ந்து ஒரு ஹார்மோன் கிளம்பும். 'சோறு வந்துடுச்சு, இன்சுலின் விடு'ன்னு கணையத்துக்கிட்ட சொல்றது அதுதான். சாப்பாடு இல்லன்னா அது பெருசா கிளம்பாது. இந்த மாத்திரை அப்படியில்ல. சோறு வந்துச்சா இல்லையான்னு பாக்காம இன்சுலினை விட வெச்சிடும். இனிமே அந்தக் குடல் ஹார்மோனைக் கூட்டுற மாத்திரையா மாத்தித் தரேன். அது சர்க்கரை ஏறினாதான் வேலை செய்யும்."

பார்க்கிறவர்களையெல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற ஊர் இது. எப்போது சாப்பிடுவீர்கள் என்று மாத்திரை எழுதியவர் கேட்கவில்லை, போட்டுக்கொண்டவரும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா கண் திறந்தார். முதல் பேச்சே அதுதான்.

"சுகன்யா, என் வாயில எதனா ஊத்தினீங்களா?"

டாக்டரம்மாதான் குனிந்து சொன்னார். "நரம்புலதாம்மா ஏத்தினேன். உங்க குடலுக்குக்கூடத் தெரியாது."

ஊசி குத்தியிருந்த கையோடு அக்கா கும்பிட்டார். என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதோ, நான் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன்.