பிலாத்துவின் முன்னால் நின்ற பாக்கியராஜ்

ஆறு வருஷமாகப் பாக்கியராஜுக்கு நாடகத்தில் ஒரே வேஷம்தான், சீமோன். இயேசு சிலுவையோடு தடுக்கி விழும்போது ரோமச் சேவகர்கள் கூட்டத்துக்குள் கையை விட்டு ஒருத்தனை இழுத்து வந்து, அதைச் சுமக்கச் சொல்வார்களே, அந்த ஆள். சீமோனுக்கு வசனம் கிடையாது. தூக்க வேண்டும், நடக்க வேண்டும், இறக்கி வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். ஏரிமேட்டுச் சிலுவை முற்றின பனைமரத்தில் செய்தது. அதை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றக்கூடியவர் அந்தச் சேரியிலேயே பாக்கியராஜ் ஒருவர்தான். அதனால் அந்த வேஷம் அவருக்கே என்று ஆகிவிட்டது.

ஏரிமேடு கவரைப்பேட்டை ரயிலடிக்கு மேற்கே நாலு மைல். நாற்பது கூரை வீடு, ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கோயில். எல்லோருக்கும் வேலை மணியக்காரர் வீரராகவனின் நிலத்தில். கரண்டு வராத ஊர் என்பதால் பெரிய வெள்ளிக்கிழமை நாடகம் பகலிலேயே நடக்கும். உச்சிவேளைக்குத் தொடங்கினால் மூன்று மணிக்கு இயேசு உயிர் விடுவார்.

இயேசுவாக எப்போதும் சின்னராசுதான் நிற்பார். உபதேசியார் தாவீதுவின் மைத்துனர், திருவள்ளூர் கோர்ட்டில் குமாஸ்தா. நல்ல சிவப்பு. மெல்லிய குரல். ரோம அதிபதி பிலாத்து விசாரணையில் கேள்வி கேட்கும்போது கண்ணில் தண்ணீர் வரவழைத்து நிற்பார்; பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். அவர் சிலுவை தூக்குகிறபோது மட்டும் பின்னால் இரண்டு சேவகர்கள் அடிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டே அதைத் தாங்கிப் பிடித்துவருவார்கள்.

அறுபத்தேழாம் வருஷம் நாடகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது சின்னராசுவுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. உபதேசியார் நாலு பேரை நிறுத்திப் பார்த்தார். ஒருவருக்கும் வசனம் வரவில்லை. கடைசியில், ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பாக்கியராஜ், "நான் சொல்லிப் பாக்கட்டுங்களாய்யா?" என்று கேட்டார். ஆறு வருஷம் காத்து நின்றே அவருக்கு நாடகம் முழுக்க மனப்பாடம் ஆகியிருந்தது. ஒரு வார்த்தை தவறாமல் சொன்னார்.

செல்லியம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. கோயில் பெருக்குகிறவள், மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள்.

"இன்னா உபதேசியாரே, கர்த்தர இப்டி கருகருன்னு காட்டப் போறீங்களா? காலண்டர் படத்துல எப்டிக்கீறாரு பாருங்க!"

"அவரு தச்சு வேல செஞ்சவரும்மா," என்றார் உபதேசியார். "அப்பறம் மூணு வருஷம் வெயில்லயே நடந்தவரு. எந்தத் தச்சன் செவப்பா இருக்கறான், நீயே சொல்லு."

செல்லியம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

வசனம் வந்தது. ஆனால் நிற்பது வரவில்லை. பிலாத்துவாக நடித்தவர் ஜெயராஜ். கவரைப்பேட்டை அரிசி மில்லில் மேஸ்திரி, தொண்டை கணீரென்று இருக்கும். "என்ன சொல்கிறாய் நீ?" என்று அவர் ஒரு அதட்டுப் போட்டதும் பாக்கியராஜின் முதுகு தானாக வளைந்தது. தோளில் இல்லாத துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வலது கை மேலே போயிற்று. போன கையைப் பாதியில் நிறுத்தி அவரே அதைப் பார்த்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கை அங்கே இருந்த எல்லா ஆம்பிளைகளின் கையும்தான்.

"ராஜாதி ராஜாப்பா அவரு. ராஜா மாதிரி நில்லு," என்றார் உபதேசியார்.

மறுநாள் பாக்கியராஜ் ராஜா மாதிரி நின்றார். அவர் பார்த்த ராஜாக்களெல்லாம் ஊத்துக்கோட்டைத் தெருக்கூத்தில் வருகிறவர்கள். நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை உருட்டி, ஒரு காலை முன்னால் வைத்து நின்றார். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். ஜெயராஜ் சிம்மாசனத்திலேயே புரண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் பாக்கியராஜின் மனைவி சாராள் பழவேற்காட்டு இறாலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பாக்கியராஜ், "எனக்கு சீமோனே போதும்னு சொல்லிட்றேன் சாரா," என்றார்.

"ஏன்?"

"குனிஞ்சா அடிமை மாதிரி இருக்குது. நிமிந்தா கூத்தாடி மாதிரி இருக்குது. அவரு எப்டி நின்னாருன்னே புரியல எனக்கு."

சாராளுக்குப் பிறந்த ஊர் பழவேற்காட்டுக்குப் பக்கம். சின்ன வயசில் அம்மாவோடு படகேறி ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் சவுக்கு விறகு சுமக்கப் போனவள். கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"ஒருவாட்டி நாங்க வெறகோட திரும்பி வர்றப்ப காத்து புட்ச்சுக்கிச்சு. படகு ஓட்ற செங்கல்வராயன் மீன்காரரு, ஏரியிலயே பொறந்தவரு. அவரே கங்கம்மா கங்கம்மான்னு அழுதாருய்யா. அப்பதான் எனக்கு ஏசு நெனப்பு வந்துச்சு. அவரு போன படகுலயும் புயல் வந்துச்சுல்ல? தண்ணி உள்ள வர்து, கூட வந்தவன்லாம் கத்தறான். அவரு பின்னாடி தலகாணி வெச்சுக்கினு தூங்கறாரு. பயந்தவனுக்குத் தூக்கம் வருமா? கோவக்காரனுக்குத்தான் வருமா? தன் ஊட்ல படுத்தாப்பல படுத்துக்கினு இருக்காரு. கடலு அவருதுதானே. அவருக்கு இன்னா பேஜாரு?"

பாக்கியராஜும் ஒரு இறாலை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

"பிலாத்து முன்னாடியும் அப்டித்தான் நின்னிருப்பாரு. அவன் உக்காந்திருக்கற மண்ணே தன்னுதுன்னு தெரிஞ்சவரு. மொறைக்கவும் வேணாம், அழவும் வேணாம்."

"சரி, சீஷருங்க காலக் கழுவனாரே? அப்ப கீழதானே குந்தினாரு?"

சாராள் இப்போதுதான் கையை நிறுத்தினாள். "அவராத்தானே குந்தினாரு. யாரும் குந்துடான்னு சொல்லலியே."

அந்த வார்த்தை பாக்கியராஜின் நெஞ்சில் போய் இறங்கியது. முப்பது வயசுவரை அவர் எத்தனையோ இடத்தில் தரையில் குந்தியிருக்கிறார். ஒரு தடவைகூட அவராகக் குந்தியதில்லை. மறுநாளிலிருந்து வயலில் களை எடுக்கும்போதும், மடை திருப்பும்போதும் அந்தப் படகையே நினைத்துக்கொண்டிருந்தார். ஒத்திகையில் ஜெயராஜ் அதட்டினபோது கை மேலே போகவில்லை. இரண்டு காலும் தரையில் பதிய, தோள் தளர்ந்து, சும்மா நின்றார். "இன்னாடா இது, நான்தான் குத்தவாளி மாதிரி இருக்குது," என்றார் ஜெயராஜ்.

பெரிய வெள்ளியன்று நல்ல வெயில். செல்லியம்மாள் ஒரு டப்பா ரோஸ் பவுடர் கொண்டுவந்து பாக்கியராஜின் முகத்தில் அப்பினாள். கெத்செமனே தோட்டக் காட்சி முடிவதற்குள் அது வியர்வையில் வழிந்து அங்கியெல்லாம் கறையாகி, அவருடைய சொந்த முகம் வந்துவிட்டது.

விசாரணைக் காட்சியின் நடுவில்தான் மணியக்காரர் வீரராகவன் வந்தார். வருஷா வருஷம் வருவார். அவர் வந்தால் நாடகம் நிற்கும். எல்லோரும் எழுந்து கும்பிடுவார்கள். இயேசு உட்பட வேஷக்காரர்கள் வரிசையாக வந்து வணக்கம் சொல்வார்கள். உபதேசியார் மாலை போடுவார். ஊர்ப் பழக்கம். சேரியில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் பிலாத்து உட்கார்ந்திருந்தார். ஜெயராஜ் துள்ளி எழுந்து, கிரீடத்தைக் கழற்றிக்கொண்டு, "உக்காருங்க நைனா" என்று நாற்காலியை விட்டு ஒதுங்கினார். மணியக்காரர் அதில் உட்கார்ந்தார். மாலை விழுந்தது. சேவகர்கள் கும்பிட்டார்கள். பிரதான ஆசாரியர் கும்பிட்டார்.

பாக்கியராஜ் கும்பிடவில்லை.

கையைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் கட்டின கையையும் உயர்த்தலாம், தலையையாவது தாழ்த்தலாம். அது அவருக்கே தெரியும். முதுகு வளையப் பார்த்ததையும் அவர் உணர்ந்தார். அதே நேரம் இன்னொன்றும் தெரிந்தது. இந்த நிமிஷம் இந்த உடம்பு தன்னுடையது இல்லை. ஏரிமேட்டு ஜனங்கள் தங்கள் கர்த்தரைப் பார்ப்பதற்காக இரவல் வாங்கின உடம்பு. இது குனிந்தால் குனிவது பாக்கியராஜ் இல்லை.

"வணக்கம் சொல்லுப்பா," என்று உபதேசியார் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

மணியக்காரர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இன்னாடா, பழக்கம்லாம் மறந்து பூட்ச்சா? நான் நெனச்சா நாளைக்கு நீ எந்தக் கழனியிலயும் கால் வெக்க முடியாது. தெரியுமில்ல?"

முந்நூறு பேர் இருந்த இடத்தில் ஒரு குழந்தையின் இருமல் மட்டும் கேட்டது. வருஷா வருஷம் மாலையை வாங்கிக்கொண்டு உடனே போய்விடுகிற மணியக்காரருக்கு நாடகம் தெரியாது. பிலாத்து அடுத்துச் சொல்ல வேண்டியதும் ஏறக்குறைய அதுதான் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. பாக்கியராஜ் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திமிர் இல்லை, கெஞ்சலும் இல்லை. சத்தத்தை உயர்த்தாமல் தன் வசனத்தைச் சொன்னார்:

"மேலே இருப்பவர் கொடுத்தால் ஒழிய, உமக்கு என்மேல் ஓர் அதிகாரமும் இல்லை."

உபதேசியார் மத்தளக்காரனுக்குச் சைகை காட்டிவிட்டார். சேவகர்கள் பாக்கியராஜை இழுத்துப்போனார்கள். பனஞ்சிலுவையை அவர் தனியாகத் தோளில் ஏற்றினார். தாங்கிப் பிடிக்க ஒருவரும் வேண்டியிருக்கவில்லை. கதைப்படி விழ வேண்டிய இடத்தில் ஒழுங்காக விழுந்தார். அந்த வருஷத்துச் சீமோனால்தான் அதை அசைக்க முடியாமல் நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். மணியக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்று மணிவரை இருந்து பார்த்துவிட்டு, யாரிடமும் பேசாமல் மாலையோடு நடந்துபோனார்.

மறுநாள் காலையில் பாக்கியராஜுக்கும் சாராளுக்கும் வேலை இல்லை என்று சொல்லி ஆள் வந்தான். நவரை நெல் அறுப்புக்குத் தயாராக நின்ற நேரம் அது. உபதேசியார் ஓடி வந்தார். "ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டா சரியாப் பூடும்ப்பா. மனுஷன் அவ்ளோ கெட்டவரு இல்ல."

"பாக்கியராஜ்ங்கற ஆளாப் போய் நூறு வாட்டி கும்புடறேன்யா, அதுல எனக்கு ஒண்ணும் கொறஞ்சுடாது. ஆனா நேத்து ஏசுவா நின்னதுக்கு மன்னிப்புக் கேட்டேன்னா, அடுத்த வருஷம் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு அந்த அங்கிய மாட்றது?"

உபதேசியார், "அடுத்த வருஷமும் நீதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வருஷம் கஷ்டம்தான். ஜெயராஜ் தயவில் மில்லில் மூட்டை தூக்கினார். வேலையில்லாத நாளில் கஞ்சியும் இல்லை. அடுத்த வருஷம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பெரிய ரோட்டோரமாக இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்று வந்தது. பாக்கியராஜ் காலை ரயிலில் போய் வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்ட இன்ஜினியர் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பாக்கியராஜ் உட்கார்ந்தார். அதைச் சாராளிடம் சொல்வதற்காகவே அன்று ரயிலடியிலிருந்து நாலு மைலும் ஓட்டமாக வந்தார்.

எழுபத்திரண்டுக்குள் ஏரிமேட்டிலிருந்து பதினேழு பேர் அவர் பின்னால் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். அறுபத்தெட்டிலேயே சின்னராசு உடம்பு தேறித் திரும்பி வந்தபோது அவருக்கே வேஷத்தைக் கொடுக்கலாமா என்று உபதேசியார் சபையில் மரியாதைக்குக் கேட்டார். செல்லியம்மாள்தான் முதலில் எழுந்தாள். "அவரு நல்லா அழுவாருதான். சிலுவைக்குக் கீழ நின்னு அழற யோவான் வேஷம் குடுங்க," என்றாள்.

பாக்கியராஜ் பன்னிரண்டு வருஷம் அந்த அங்கியை மாட்டினார். ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். உலையில் கூட வேலை செய்கிற துலுக்காணம், முனிகிருஷ்ணன் எல்லோரும் சைக்கிளில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "எங்க செட்டு ஆளு" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொள்வார்கள். எழுபத்தெட்டில் அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. முன்கையில் உலைப்பொறி பட்ட வடுக்கள். ஆணி அறைகிற காட்சியில் பெண்கள் வழக்கம்போல விம்மினார்கள். சாராள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியூர்க்காரி ஒருத்தி அவள் தோளைத் தொட்டு, "இன்னாம்மா, இதப் பாத்துமா உனக்கு அழுவ வரல?" என்று கேட்டாள்.

"அழறதுக்கு இன்னா இருக்குது?" என்றாள் சாராள், கண்ணை எடுக்காமல். "இப்ப மூஞ்சியப் பாரு. அவரு யாருன்னு உனக்கே தெரியும்."