உல்டா

எங்கள் மீன் தலைகீழாகக் கிடந்ததை முதலில் பார்த்தவள் என் மனைவி. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். முந்தின நாள்தான் மாஹிமில் டாக்டரம்மா அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பச்சா உல்டா ஹை" என்றிருந்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத அவளுக்கு அதில் புரிந்தது 'உல்டா' மட்டும்தான்.

வெளியே வந்ததும் விளக்கினேன். "பிள்ளைக்குத் தலை மேல இருக்காம். கீழ திரும்பணுமாம்."

"தலை மேல இருந்தா நேராத்தானங்க இருக்கு? அதை ஏன் உல்டாங்காங்க?"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். செம்பூரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஆனாலும் அவளிடம், "தலை கீழ வந்தாத்தான் பிரசவத்துக்கு நேரு" என்று மட்டும் சொன்னேன். பிள்ளை திரும்பாவிட்டால் வயிற்றைக் கீற வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா ஆங்கிலத்தில் சொன்னதை மென்று விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் கண்ணாடித் தொட்டியில் மீன் வயிற்றை மேலே காட்டி மிதந்தது. உருண்டை உடம்பு, விரிந்த இரட்டை வால், சிவப்பும் வெள்ளையுமான தங்கமீன். செவுள் மட்டும் அசைந்தது.

"இதுவும் உல்டாவாயிருச்சே" என்றாள். வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே, "இது நேரானா நம்ம பிள்ளையும் நேராயிரும் என்ன?" என்றாள்.

மாட்டுங்கா நடைபாதையில் வாங்கிய பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துத்தான் அந்த மீனை வளர்த்து வந்தேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த ரகம் பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும் என்று அதில் போட்டிருந்தது. குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்து, மருந்து வாடை போன பிறகே ஊற்றுவேன். தீனியை நனைத்துத்தான் போடுவேன். காய்ந்த தீனி மிதக்கும். அதை விழுங்கும்போது காற்றும் உள்ளே போகும். உருண்டை வயிற்றுக்கு அது ஆகாது. பகலெல்லாம் தனியாக இருந்தவள், தனக்குப் பசித்தபோதெல்லாம் அதற்கும் பசிக்குமென்று பாவ் ரொட்டியைப் பிய்த்துப் போட்டிருக்கிறாள். கேட்டதும் எனக்குத் திக்கென்றது. 

புத்தகத்தில் போட்டிருந்தபடி தொட்டியில் தண்ணீரைக் குறைத்தேன். இரண்டு நாள் தீனி போடவில்லை. பிறகு பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலுரித்து நசுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் குடியிருந்த, நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்கா வாசலில் நின்று பார்த்தார்.

"மீனுக்குப் பத்தியச் சாப்பாடா தம்பி? என்னைக் கட்டுன மாப்பிள்ளைக்கே நான் இப்படித் தோலு உரிச்சதில்ல!"

"அவருக்குப் பல்லு இருக்கு லாத்தா."

"இருந்தது. ரெண்டு போயிருச்சு."

மனைவிகூடச் சிரித்தாள். லாத்தா போனதும் மறுபடி தொட்டியருகே உட்கார்ந்துவிட்டாள்.

மீன் ஒரு பக்கமாகப் புரளும். பிறகு மறுபடி மல்லாந்துவிடும். செம்பூர் போகும் பஸ்ஸில், "திரும்பு, திரும்பு" என்று என் வாய் முணுமுணுக்கும். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் எங்கள் சந்துக்குள் நுழையும்போது முதலில் எங்கள் வாசலைத்தான் பார்ப்பேன். மீன் செத்திருந்தால் அவளை எப்படித் தேற்றுவது?

ஒரு நாள் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "நீந்துதுங்க! நேரா நீந்துது!"

அந்தச் சிரிப்போடுதான் அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனாள். 

"அபி பீ உல்டா" என்றார் அவர். பிள்ளை இன்னும் திரும்பவில்லை.

திரும்பி நடக்கையில் அவள் அழவில்லை. "மீனு பொய் சொல்லிருச்சு" என்றாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன்.

"கீறினா நான் இருப்பனா?"

"இருப்ப." 

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துதான் மகள் பிறந்தாள். இருவரும் நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்கள். மீனும் இருக்கிறது. மனைவி இப்போது அதன் பக்கம் போவதில்லை; தீனி நனைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் நான்தான். குளிர்காலத்தில் சில காலைகளில் அது லேசாகச் சாய்ந்து நிற்கும். அப்படி நின்றால், தொட்டிக்குப் போகும் முன் தூளியருகே போய், மகள் மூச்சு விடுகிறாளா என்று குனிந்து பார்க்கிறேன்.