பால் பக்கத்துச் சாப்பாடு

அந்த அறையின் ஜன்னல் திறக்காது. கண்ணாடியோடு ஒட்டி நின்றால் கீழே 401 நெடுஞ்சாலை தெரியும். சனம் எல்லாம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். நான் மட்டும் என் கணவரின் கட்டிலுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மாரிகாலம் முழுக்க அடைபட்டுக் கிடந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. காலையில் ஸ்காபரோவிலிருந்து இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரி, பின்னேரம் பிளாஸ்ரிக் மூடி அடிக்கும் ஃபக்டரி. அங்கேயும் ஜன்னல் திறக்காது.

அவருக்குப் புற்றுநோய். முதல் தடவை ஏற்றிய மருந்தில் ஆள் பாதியாகிவிட்டார். அடுத்த தடவை ஏற்றுவதென்றால் உடம்பில் கொஞ்சமாவது நிறை கூட வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சாப்பிட்டால் மருந்து, சாப்பிடாவிட்டால் மருந்தில்லை. கனடாவுக்கு வந்து இவ்வளவு தெளிவாக ஒருவரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

ஆனால் என் கணவர் சைவம். வெள்ளிக்கிழமைச் சைவம் இல்லை, பிறந்த நாளிலிருந்தே சைவம். மீன், இறைச்சி என்று மச்சம் புழங்கிய சட்டி, மச்சம் கிளறிய அகப்பை, மச்சம் தின்றவர் கழுவாத கை, ஒன்றும் ஆகாது. நான் மீனும் முட்டையும் தின்று வளர்ந்தவள். கலியாணத்தோடு எல்லாவற்றையும் விட்டேன். ஆஸ்பத்திரித் தட்டில் வெறும் உருளைக்கிழங்கு வந்தாலும், "உது எந்தச் சட்டியில அவிச்சதோ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டுக் கறி அவருடைய வாய்ப்புண்ணுக்கு எரிந்தது. கஞ்சியைக் கண்டாலே ஓங்காளித்தார். மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பார்கள். எனக்கு வாய்த்தவர் மூர்க்கனும் இல்லை, நல்ல மனுசன். அதனால்தான் திட்டவும் முடியவில்லை.

அவர் சாப்பிடாமல் நானும் சாப்பிடுவதில்லை. விரதம் ஒன்றும் இல்லை, தொண்டையால் இறங்காது. கட்டிலுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான யூதர் படுத்திருந்தார். அவருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு வராது. நாள்தோறும் மதியத்துக்கு முன் ஒரு பெண் வேகமாக உள்ளே வருவார். அறுபது வயதிருக்கும், தலைமயிர் தெரியாதபடி எப்போதும் ஒரு கம்பளித் தொப்பி. கையில் ஒட்டுப்போட்டு மூடிய பெட்டி. அதற்குள் ஈயத்தாள் சுற்றிய கிண்ணம், அதன்மேல் இன்னொரு ஈயத்தாள். கடும் வருத்தக்காரருக்காகத் தங்கள் யூத ஆலயத்தின் பேஸ்மென்டில் பெண்கள் கூடிச் சமைத்து, சம்பளம் வாங்காமல் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று நேர்ஸ் சொன்னாள். நான் மனதுக்குள் அவரைத் தொப்பியம்மா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

ஒரு நாள் தொப்பியம்மா என் கணவரின் தொடாத தட்டைப் பார்த்துவிட்டு, ஏன் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதிசயப்படவும் இல்லை. இறைச்சியும் பாலும் ஒன்று சேரக் கூடாதென்பது தங்கள் சட்டம், அதனால் சமையலறையில் இறைச்சிப் பக்கம் வேறு, பால் பக்கம் வேறு என்றார். வேறு அடுப்பு, வேறு சட்டி, வேறு கரண்டி, கழுவும் தொட்டியும் வேறு. பால் பக்கத்தில் இறைச்சியின் நிழலும் விழாது.

நான் மொழிபெயர்க்க, கண்ணை மூடிக்கொண்டிருந்த என் கணவர் கண்ணைத் திறந்தார்.

"தொட்டியும் வேறையோ?"

"ஓமாம்."

"அவையள் எங்களை விட மோசம்" என்றார். அந்தக் கிழமை முழுவதிலும் அவர் சிரித்தது அப்போதுதான்.

அடுத்த நாள் இரண்டு பெட்டிகள் வந்தன. மரக்கறி சூப், அதில் வெள்ளையாக மூன்று உருண்டைகள் மிதந்தன. மாவுருண்டை என்றார் தொப்பியம்மா. என் கணவர் மெல்ல ஒன்றைக் கடித்து, கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து விழுங்கினார். பிறகு இன்னொன்று. அது நோயாளிக்கு வந்த கொஞ்சச் சாப்பாடு என்பதால் நான் அதில் ஒரு துளியும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. கிண்ணம் காலியான பிறகு கன்ரீனுக்குப் போய் ஒரு பாண் துண்டு தின்றேன். சந்தோசத்தில் அழுதுகொண்டே தின்றேன் என்று சொன்னால் இன்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அப்படியே நாட்கள் போயின. தராசு முள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. சும்மா வாங்கிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்தியது. ஞாயிறு ஃபக்டரி இல்லை, மரக்கறி வெட்டவாவது வரட்டுமா என்று தொப்பியம்மாவிடம் கேட்டேன். வா என்றார்.

பேஸ்மென்ட் முழுக்கப் பெண்கள். இறைச்சிப் பக்கத்துக் கத்திகளின் பிடியில் சிவப்பு ரேப் ஒட்டியிருந்தது, பால் பக்கத்துக் கத்திகளின் பிடியில் நீல ரேப். கீரையைக் கழுவி ஒவ்வோர் இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்த்தார்கள். நான் எதையும் வெட்டலாம், கிளறலாம். அடுப்பை மட்டும் அவர்களில் ஒருவர்தான் பற்றவைக்க வேண்டும். கோயில் மடைப்பள்ளிக்குள் வந்துவிட்டேனோ என்றிருந்தது. மனம் குளிர்ந்துபோய்க் கரட் வெட்டிக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்தில் நின்ற பெண் ஒரு முட்டையை எடுத்தாள். அதைக் கண்ணாடிக் கோப்பைக்குள் உடைத்து, தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஒரு பெரிய பாத்திரத்தில் ஊற்றிவிட்டு அடுத்ததை உடைத்தாள். ஒன்றில் கடுகளவு இரத்தப் பொட்டு இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை அப்படியே வெளியே கொட்டினாள். இரத்தம் எங்களுக்கு ஆகாது என்றாள். பாத்திரத்தில் ஏற்கெனவே பாதிக்குமேல் முட்டை.

"இது எதற்கு?"

"சூப் உருண்டைக்கு. முட்டை இல்லாமல் மா எப்படி ஒட்டும்?"

"இது பால் பக்கம் அல்லவா?"

"ஆமாம். முட்டை இறைச்சி இல்லையே" என்று அவள் அன்பாகச் சொன்னாள்.

கத்தி என் கையிலேயே நின்றது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. இறைச்சி இல்லை என்றார்கள், இறைச்சி இல்லைதான். ஒரு பொட்டு இரத்தத்துக்கு முழு முட்டையையே எறிகிறவர்களிடம் போய், முட்டையே எங்களுக்கு மச்சம் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோபித்துக்கொள்ள ஓர் ஆளாவது கிடைத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைய பெட்டியை என்னிடமே தந்துவிட்டார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சொன்னால் சாப்பிடமாட்டார், நிறை கூடாது, மருந்து இல்லை. சொல்லாவிட்டால், அவர் ஆயுளெல்லாம் காத்ததை நானே கரண்டியால் ஊட்டிக் கெடுப்பேன். மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல், இறங்க வேண்டிய தரிப்பில் இறங்காமல் அடுத்ததில் இறங்கிப் பனிக்குள் திரும்பி நடந்தேன்.

கட்டிலை நிமிர்த்தி, உருண்டையைப் பிளந்து, கரண்டியை அவர் வாய்வரைக்கும் கொண்டுபோனேன். அதற்குமேல் கை போகவில்லை.

"என்ன?"

"இஞ்சருங்கோ, இதுக்குள்ள முட்டை இருக்கு. எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். சத்தியமா."

அவர் கரண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு முதல் நாளே தெரியும். வாயில வச்ச உடனே மணந்தது."

"பின்னை ஏன் சாப்பிட்டனீங்கள்?"

"நீர் எனக்கு முன்னால கதிரையைப் போட்டுக்கொண்டு குந்தியிருக்கிறீர். நான் விழுங்கினால்தான் நீர் போய் ஏதும் தின்னுவீர். நான் வேற என்ன செய்யிறது?"

நான்தான் அவருக்குக் காவல் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பிறகு கோபம் வந்தது. "அப்ப இண்டைக்கும் சாப்பிடுங்கோவன்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்துக் கட்டில் கிழவர் திரும்பிப் படுத்தார்.

"இனி ஏலாது. உமக்குத் தெரியாமல் இருக்கேக்கை ஒரு மாதிரி விழுங்கிப்போட்டன். இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும். இனி எப்பிடி இறங்கும்?"

அன்றைக்கு நாங்கள் இருவரும் பட்டினி.

மறுநாள் தொப்பியம்மாவை வாசலிலேயே மறித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. பிறகு, உயிருக்கு ஆபத்தென்றால் எங்கள் சட்டம் எல்லாம் விலகி நிற்கும், நோயாளி எதையும் சாப்பிடலாம், சாப்பிடத்தான் வேண்டும், உன் கணவரிடம் இதைச் சொல் என்றார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்ப ஏன் அவ உந்தப் பனிக்குள்ள பெட்டியைக் காவிக்கொண்டு திரியிறா? கிழவர் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டையே தின்னலாமே?"

அதையும் வாசலுக்குக் கொண்டுபோய் மொழிபெயர்த்தேன். தொப்பியம்மா அன்றைய பெட்டியை என் கையில் தரவில்லை. கிழவரின் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் அவர் பிந்தி வந்தார். கடையில் புதிதாகச் சட்டி வாங்கியதாகவும், முட்டை ஒருநாளும் அதற்குள் போகாது என்றும், தானே தனியாக நின்று சமைத்ததாகவும் சொன்னார். முட்டை இல்லாத உருண்டை ஒட்டவில்லை. ஈயத்தாளை உரித்தால், கிண்ணத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். அதைப் பார்த்துத் தொப்பியம்மாவுக்கே அழுகை வந்துவிடும்போல இருந்தது. அந்தக் கூழை நாள்தோறும் குடித்துத்தான் பிறகு மருந்தேற்றும் அளவுக்கு என் கணவருக்கு நிறை வந்தது. எங்களுக்கு இன்னும் இரண்டு மாரிகாலம் கிடைத்தது.

அந்தக் கூழ் வந்த முதல் நாள் தொப்பியம்மா போகாமல் கட்டிலின் காலடியில் நின்றார். நான் கதிரையைத் தள்ளிப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். என் கணவர் தானே கரண்டியைப் பிடித்து, மெல்ல மெல்ல, அடி வழித்துக் குடித்தார். கிண்ணத்தை நீட்டி "வெரி குட், தாங்க் யூ" என்றார். தொப்பியம்மா அவருடைய போர்வையை ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே போனார்.

காலடிச் சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்து, என் கணவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"முட்டை போட்டதுதான் நல்ல ருசி. அவவிட்டச் சொல்லிப்போடாதையும்."