லிங்கநகரிலிருந்து ஒரு குடம்

கப்பலில் ஏறும் வாசலில் என் பையைத் திறந்து இரண்டு தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவரக்கூடாது என்பது கப்பலின் சட்டமாம். உள்ளே வேண்டிய அளவு விற்கிறார்கள். மகள் என் கையைப் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போனாள்.

“அப்பா, தண்ணி உள்ளுக்கு வாங்கலாம். கேட்டால் கொண்டுவந்து தருவினம். ஏன் இப்பிடிக் காவிக்கொண்டு திரியிறீங்கள்?”

“அம்மப்பா கடலுக்குத் தண்ணி கொண்டுவாறார்” என்றான் பேரன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அது சென்னையில். இன்று காலை கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வந்து நின்றது. மகள் குடும்பம் கோயிலையும் நிலாவெளிக் கடற்கரையையும் பார்க்க பஸ்ஸில் போய்விட்டது. எனக்கு முழங்கால் நோகிறது என்று சொல்லிவிட்டேன். நோகிறது உண்மைதான், ஆனால் நான் இறங்காததற்குக் காரணம் அதுவல்ல. மேல்தளத்துச் சாப்பாட்டு அறையில் கண்ணாடி ஓரமாக ஒரு மேசையில் தனியாக இருக்கிறேன். இரண்டு பேருக்கான மேசை. மனைவி காலமான பிறகு எனக்கு எப்போதும் இரண்டு பேருக்கான மேசையைத்தான் காட்டுகிறார்கள். முன்னால் விலைக்கு வாங்கிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று. கண்ணாடிக்கு அப்பால், துறைமுக வாயிலுக்குக் கிட்ட, அந்தச் சின்னத் தீவு தெரிகிறது. மரங்கள் கூடியிருக்கின்றன. மணல் அப்படியே இருக்கிறது.

ஒன்பது வயதில் அங்கே ஒரு குடம் தண்ணீரோடு போனேன். அன்று செய்ததை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் அப்போது மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. துறைமுக வேலைத்தளத்தில் களஞ்சியக் காப்பாளராக வேலை. வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. பகிடி விடாமல் ஒரு நாளும் அவருக்கு விடியாது. வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவருக்குத் தேத்தண்ணீரில் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொடுத்தவர். அப்பாவின் குடைக்குள் புளியங்கொட்டைகளை நிரப்பி வைத்து, மழையில் அவர் விரித்தபோது தலையில் கொட்டச் செய்தவர். எனக்கு அவர் தெய்வம்.

அந்த மாமா சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் கருவாடு வாங்குகிறேன் என்று நிலாவெளிக்கு பஸ் ஏறினார். பின்னேரம் வெறுங்கையோடு திரும்பி வந்தார். “இவ்வளவு பெரிய நிலாவெளியில உனக்கு ஒரு கருவாடு கிடைக்கேல்லையோ?” என்று அம்மா கேட்பா. மாமா சிரித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். இதில் விளங்கிக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. கருவாடு கிடைக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பிறகு வீட்டில் கலியாணப் பேச்சு எழுந்தது. பெண் நிலாவெளிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ரீச்சர். தகப்பன் சங்கக்கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்டிப்பானவர். மாமாவின் பகிடிகள் அவர் காதுவரை போயிருந்தன. எடுத்த எடுப்பில் வீட்டுக்கு வர அவருக்கு விருப்பமில்லை. வந்து போய்ச் சரிவராவிட்டால் ஊர் கதைக்கும். ஆகவே இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சேர்ந்து உல்லாசப் பயணம் போவதுபோல ஒரு நாள் வள்ளத்தில் போய்வருவது என்று அப்பா ஒழுங்கு செய்தார். அதிலும் ஒரு சிக்கல். சம்பந்தம் முற்றாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். எனவே சாப்பாடு அவரவர் கொண்டுவருவது, தீவில் கிணறு இல்லாதபடியால் எல்லோருக்கும் குடிதண்ணீர் மட்டும் நாங்கள் கொண்டுபோவது என்று முடிவானது. அவர்கள் எங்களிடமிருந்து வாங்கப்போகும் ஒரே பொருள் அந்தத் தண்ணீர்.

எங்கள் வீட்டுக் கிணறு உப்புச் சவர். மாமா விடியமுன் சைக்கிளில் லிங்கநகருக்குப் போய், அங்கே ஒரு வீட்டுக் கிணற்றில் பித்தளைக் குடம் நிறைய நல்ல தண்ணீர் அள்ளிக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடியே நடந்து வந்தார். வாயை வெள்ளைத் துணியால் மூடி வாழைநாரால் கட்டினார்.

“தம்பி, இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் மனிசனா இரு” என்றா அம்மா. “என்னில சத்தியம் பண்ணு.”

“உன்னாணை அக்கா. இண்டைக்கு நான் மரக்கட்டை.”

“மரக்கட்டை எண்டாலும் வாயைத் திறந்து கதைக்க வேணும். பெட்டை என்ன நினைப்பாள்?”

“ஒண்டில் மரக்கட்டை, இல்லாட்டில் மனிசன். ரெண்டும் ஏலாது.”

குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த முஸ்லிம் வள்ளக்காரர் ஒருவரின் மோட்டார் வள்ளத்தை அப்பா வாடகைக்குப் பேசியிருந்தார். அவரை எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். காக்கா பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பெரியவர்கள் நடுவில். என்னை முன் அணியத்தில், கயிற்று வளையத்தில் வைத்த குடத்துக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். “இதுதான் இண்டைக்கு உன்ர வேலை. கையை எடுக்காத” என்றார் மாமா. ரீச்சர் திரும்பி என்னைப் பார்த்து எத்தனையாம் வகுப்பு என்று கேட்டா. பிறகு குடத்தைப் பார்த்தா. “இவ்வளவு தூரம் போய் எடுத்ததோ?” என்று என்னைத்தான் கேட்டா. மாமாதான் “ஓம்” என்றார். அன்று காலை முழுக்க அவர்கள் கதைத்தது அவ்வளவுதான்.

நடுத் துறைமுகத்தில் வெளிநாட்டுக் கப்பல் ஒன்று நின்றது. வெள்ளைக் கப்பல், மேல்தளத்தில் தொப்பி போட்ட ஆட்கள். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நானும் குடத்தை விட்டுவிட்டு எழுந்து நின்றேன். அதே நேரம் ஏதோ ஒரு படகு எழுப்பிய அலை வந்து எங்களைத் தூக்கிப் போட்டது. குடம் சாய்ந்தது. துணி நழுவி, தண்ணீர் வள்ளத்தின் அடிப்பலகைகளுக்குள் ஓடிப் போயிற்று. நான் பிடித்து நிமிர்த்தும்போது அடியில் கொஞ்சம்தான் மிச்சம். எஞ்சின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதே கத்தியிருக்கலாம். வள்ளம் திரும்பியிருக்கும், அடி விழுந்திருக்கும், மதியத்துக்குள் மறந்திருப்பார்கள். ஆனால் மாமா என்னை நம்பித் தந்த வேலை அது. குடம் பாரமாக இருந்தால் போதும் என்று என் புத்தி சொல்லிற்று. வள்ளத்துத் தண்ணீரை இறைக்க வைத்திருந்த வெறும் பால்மாத் தகர ரின்னை எடுத்து, விளிம்பால் கையை நீட்டிக் கடலை அள்ளி அள்ளி ஊற்றினேன். அடியில் நல்ல தண்ணீர் இருக்கிறதே, இரண்டும் கலந்தால் மோரில் உப்புப் போட்டதுபோல இருக்கும் என்றும் யோசித்தேன். துணியை மூடினேன். வாழைநாரை எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் கட்டினேன்: சப்பாத்துக்குப் போடும் இரண்டு காது முடிச்சு. அதை எனக்குப் பழக்கியவரே மாமாதான்.

நிமிர்ந்தபோது காக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீவில் இறங்கி, பெண் வீட்டார் ஒரு மரத்தின் கீழும் நாங்கள் ஒரு மரத்தின் கீழுமாக இருந்து சோற்றுப் பொதிகளை அவிழ்த்தோம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ரீச்சரின் தாய் மீன் குழம்பு உறைத்துப்போயிற்று என்று சொல்லிச் சிரித்தா. மகளைக் காட்டி, “பிள்ளைக்கு முதல் தண்ணி குடுங்கோ” என்றா. மாமா எழுந்து குடத்தடிக்கு வந்தார். முடிச்சைக் கண்டதும் அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு அவிழ்த்து, நாரை மணலில் போட்டுவிட்டு, மூக்குப்பேணியில் நிறைய ஊற்றிக்கொண்டு போனார்.

ரீச்சர் பேணியை உயர்த்தி அண்ணாந்து குடித்தா. முதல் மிடறில் கழுத்து நின்றது. பிறகு தொடர்ந்து குடித்தா, கடைசித் துளிவரை. முகத்தில் ஒன்றுமில்லை. கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. மீன் குழம்பு உறைப்பு என்று நினைத்தேன்.

“எப்பிடி லிங்கநகர்த் தண்ணி?” என்று மாமா கேட்டார்.

“நல்லா இருக்கு” என்றா ரீச்சர். “போதும். வேற ஒருத்தருக்கும் இப்ப தேவையில்லை.”

மாமாவுக்கு அந்தச் சந்தோஷத்தில் பின்பாதி கேட்கவில்லை. ஓடிப்போய் அடுத்த பேணியை நிரப்பிக்கொண்டு வந்து தகப்பனிடம் கொடுத்தார். அவர் ஒரு வாய் வாங்கினார். பிறகு எழுந்து அப்பால் போய் மணலில் துப்பினார்.

“இது ஆரின்ர வேலை?”

அவர் மாமாவைப் பார்த்துத்தான் கேட்டார். எல்லோரும் மாமாவைத்தான் பார்த்தார்கள். மாமா குடத்துக்குள் கைவிட்டு அள்ளி வாயில் வைத்தார்.

“நான் இல்லை அக்கா” என்றார்.

“என்னில சத்தியம் பண்ணினியேடா” என்றா அம்மா.

மாமா மணலில் கிடந்த வாழைநாரைப் பார்த்தார். அதன் இரண்டு காதும் இன்னும் சுருண்டபடி இருந்தன. பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து என் சோற்றைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் காத்துக்கொண்டு நின்றார் என்பது மட்டும் தெரியும்.

“ஓம்” என்றார் மாமா. “நான்தான். ஒரு பகிடிக்கு.”

“அப்பா, நான் முழுக்கக் குடிச்சனான். எனக்கு ஒண்டும் செய்யேல்லை” என்றா ரீச்சர்.

“நீ பேசாமல் இரு. பொம்பிளை பாக்க வந்த இடத்தில குடிக்கிற தண்ணியில விளையாடுறவன், நாளைக்கு உன்ர சீவியத்தில விளையாடுவான்.”

காக்கா தன் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார். “இது எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணி. வாயைக் கொப்பளிச்சிட்டுக் குடியுங்க” என்றார். மனேஜர் வாங்கிக் குடித்தார். மனைவிக்கும் மகளுக்கும் கொடுத்தார். எங்களிடம் வாங்குவதற்கு எத்தனையோ மாதம் யோசித்தவர், காக்காவிடம் ஒரு நிமிடத்தில் வாங்கிவிட்டார்.

திரும்பும்போது காக்கா என்னைப் பின்னால் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். எஞ்சின் சத்தத்துக்குள் குனிந்து சொன்னார்: “தம்பி, சொல்லுறதெண்டா கரைக்குப் போகமுன்ன சொல்லு. நான் சொல்ல மாட்டன். சொல்ல வேண்டியவன் நீ.”

நடுவில் மாமா வெறுங்குடத்தைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு இருந்தார். ரீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தா. நான் கரையைப் பார்த்தேன். அது நான் நினைத்ததைவிட விரைவாக வந்துவிட்டது.

ஒன்பது வயதுப் பிள்ளை அடிக்குப் பயந்து செய்தது என்று தெரிந்திருந்தால் அந்தக் கண்டிப்பான மனிதர்கூடச் சிரித்திருப்பார். இதை விளங்கிக்கொள்ளும் வயது வந்தபோது ரீச்சர் கலியாணம் முடித்து மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டா. மாமா முடிக்கவேயில்லை. பகிடியையும் விட்டுவிட்டார். பிற்காலத்தில் துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். நான் போகும்போதெல்லாம் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றி, முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு, “பயப்பிடாத, நல்ல தண்ணி” என்று நீட்டுவார். அவரிடம் மிச்சமிருந்த ஒரே பகிடி அதுதான். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்ல எனக்கு வாசலைத் திறந்துதான் வைத்தார். ஒவ்வொரு முறையும் நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். அவர் இறந்தபோது நான் வெளிநாட்டில் இருந்தேன்.

இதைவிட மோசமான ஒன்றையும் சொல்லவேண்டும். உப்பும் தெரியாத நாக்கு உள்ள ஒரு ரீச்சரைப் பற்றி நான் பல விருந்துகளில் கதை சொல்லியிருக்கிறேன். ஒரு பேணி கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றா என்பேன். என் பங்கை விட்டுவிட்டுத்தான் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிறுவயதில் நான் அப்படித்தான் நம்பினேன், பாவம் அவவுக்கு உப்புத் தெரியாது என்று. பெரியவனான பிறகும் அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் வைத்துக்கொண்டேன்.

சற்றுமுன் மேசையிலிருந்த உப்புக் குப்பியின் மூடியைக் கழற்றி, விலைக்கு வாங்கிய தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். தீவைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் எடுத்தேன். இறங்கவில்லை. இரண்டாம் முறையும் முயன்றேன். தொண்டை தானாகவே மூடிக்கொண்டது. முகத்தை என்னால் பிடித்து வைக்க முடியவில்லை. கடதாசித் துவாயில் துப்பினேன். அவ ஒரு பேணி நிறையக் குடித்தா. மாமா பார்த்துக்கொண்டு நிற்க, கண்ணை மட்டும் கலங்க விட்டு, கடைசித் துளிவரை.

பரிமாறும் பையன் ஓடி வந்தான். “ஐயா, தண்ணி சரியில்லையா? வேற கொண்டு வரட்டுமா?”

“நல்லா இருக்கு” என்று சொல்லிப் பார்த்தேன்.

அவன் நம்பவில்லை. புதுப் போத்தல் எடுக்கப் போய்விட்டான்.